போட்டவருதான் அழிக்கணும்

பினாங்கு
9 ஜூன் 1930

வாஹித்,

ஜுரம் விட்டதா? கப்பல் நங்கூரம் எடுத்ததுமே விட்டிருக்கும் என்று கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள். நான் உனக்காக வாதாடவில்லை. ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தருவோம் என்று கல்லூரி மண்டபத்தில் மாலை வாங்கிக்கொண்டு இருவரும் வந்தோம். நீ நாலாம் மாசமே படுக்கையைச் சுருட்டிவிட்டாய். இப்போது உன் வகுப்பும் என் தலையில். மேலே ஒழுகுகிற தகரக் கூரை, பக்கத்தில் பச்சைத் தோல் கிடங்கு. உனக்கு அது வீட்டு வாசனை. குடியாத்தத்தில் தறிக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்தப் புலம்பலுக்காக எழுதவில்லை. கிளம்பிய நாளில் நீ காட்டிய வேடிக்கைக்காக எழுதுகிறேன்.

எழுத்துப் பரீட்சை வைத்தாய். பிறகு ஆம்பூரில் உன் அப்பாவின் டேனரியில் தோலைத் தரம் பிரிப்பதைப் போல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாய். காதைத் திருகினாய், கையைத் தூக்கிப் பார்த்தாய், "ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்" என்று கூவிச் சட்டையில் சாக்பீஸால் எழுதினாய். எழுத்துத் தப்பிய நாலு பேருக்கு 'ஆர்' போட்டு "ரிஜெக்ட்!" என்றாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று பேர் அன்றைக்கே தட்டிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். பூங்காவனம் தட்டவில்லை.

அவள் யார் என்று உனக்கு நினைவிருக்க வேண்டும். கிடங்கில் மூட்டை தூக்கும் பெருமாளின் பெண், எட்டு வயசு, முன்வரிசையில் பாவாடையைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒடுகத்தூரிலிருந்து அப்பன், ஆத்தாள், மகள் மூவரும் கப்பலேறி வந்திருக்கிறார்கள். இங்கே கரையேறும் முன் நோய் பார்க்கும் கேம்ப் இருக்கிறதல்லவா, அங்கே வெள்ளைக்கார டாக்டர் ஆத்தாளின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரவிக்கைக் கையில் சாக்பீஸால் 'ஆர்' போட்டிருக்கிறான். ரிஜெக்ட். அவளைத் தனி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தை அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

இப்போது அதே எழுத்து அவள் தோள்மேல் இருக்கிறது. நீ எழுதிய அதே நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறாள். துவைக்க விடுவதில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் அழிக்கப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டாள். "நீங்க அழிக்கக் கூடாது சார். போட்டவருதான் அழிக்கணும்" என்றாள்.

நீ செய்ய வேண்டியது நாலு வரி. பெரிய எழுத்தில், அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி: அது விளையாட்டு, நீ ரிஜெக்ட் இல்லை, துடைத்துவிடு. அவ்வளவுதான். அடுத்த தபாலிலேயே அனுப்பு.

ராஜவேலு


ஆம்பூர்
27 ஜூன் 1930

தோஸ்த் ராஜவேலு,

உன் கடிதத்தைப் படித்ததும் போன ஜுரம் திரும்பி வந்துவிட்டது. ஒரு விசாரிப்பு உண்டா, ஒரு குஷியான சேதி உண்டா! உர்தூவில் எழுதினால் உனக்குப் புரியாது என்று மெனக்கெட்டுத் தமிழில் எழுதுகிறேன், அந்த நன்றியாவது வை.

ஆம்பூர் ஸ்டேஷனில் எனக்கு மேளம் வைத்தார்கள். நீ நம்பமாட்டாய். "கடல் கடந்து கல்வித் தொண்டு புரிந்த" என்று ஆரம்பித்துத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். காட்பாடியிலேயே இரண்டு பேர் வண்டியில் ஏறி மாலை போட்டுவிட்டார்கள். கல்லூரியில் எனக்கு வெள்ளிப் பதக்கம் தரப் போகிறார்களாம். உனக்கும் தருவார்கள், முதலில் திரும்பி வா. வாணியம்பாடி தோல் மண்டிக்காரர் மகள் ரஃபத் ஜஹானை எனக்குப் பேசி முடித்தாயிற்று. தொண்டு செய்த மாப்பிள்ளை என்பதில் அவர்களுக்குப் பெருமை ஜாஸ்தி.

இதற்கு நடுவில் நீ என்னடா என்றால் சாக்பீஸ் சாக்பீஸ் என்கிறாய். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்று. முடிந்தது விஷயம். எட்டு வயசுக் குட்டி "நீங்க அழிக்கக் கூடாது" என்றதும் கை கட்டி நின்றாயா? நல்ல வாத்தியார்!

ரிஜெக்ட் என்பது அவ்வளவு பெரிய வசவா? எங்கள் டேனரியில் அது காலையிலிருந்து சாயந்திரம் வரை காதில் விழுகிற சொல். சாப்பாட்டுக்கு விரிக்கிற ஸுஃப்ராவில் என் அப்பா என்னையே ரிஜெக்ட் என்றுதான் கூப்பிடுவார். ரிஜெக்ட் தோலை யாரும் குப்பையில் எறிவதில்லை தெரியுமா? அதை நறுக்கிச் செருப்புக்கு உள்ளே வைக்கிற அஸ்தருக்குக் கொடுத்துவிடுவோம். எதுவும் வீண் போகாது. இதை அவளுக்குச் சொல்லு, சிரிப்பாள்.

கடிதமெல்லாம் எழுத முடியாது. நான் என்ன, எட்டு வயசுப் பெண்ணுக்கு மாஃப் கேட்டு மனு போடுவதா? படிக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா?

உன்
வாஹித் பாஷா


பினாங்கு
15 ஜூலை 1930

வாஹித்,

நான் தப்பாக எழுதிவிட்டேன். அவளுக்குப் பயம் இல்லை. ஆசை.

இங்கே ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். போன வாரம் பூங்காவனம் பள்ளிக்கு வரவில்லை. தேடிப் போனால் துறைமுகத்தில் அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள், தோளை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு அதிகாரி வரும்போதும் சட்டையைக் காட்டிக்கொண்டு. ஒருவன் பிடித்துத் தள்ளினான். எழுந்து மறுபடி வரிசையில் நின்றாள். நான் தூக்கிக்கொண்டு வரும்போது என் கழுத்தைப் பிறாண்டினாள்.

வழியில் கேட்டாள்: "சார், ரிஜெக்ட் கப்பல் எப்போ வரும்? எங்கம்மாவ ஏத்தினாங்களே, அது."

புரிகிறதா? அம்மாவுக்கு எந்த எழுத்துப் போட்டார்களோ அது தனக்கும் வந்துவிட்டது, அம்மா போன இடத்துக்கே தன்னையும் அனுப்புவார்கள் என்று சந்தோஷமாகக் காத்திருக்கிறாள். சாக்பீஸ் மங்கினால் கரும்பலகையிலிருந்து துண்டு எடுத்து அவளே பூசிக்கொள்கிறாள். கோடு நெளிந்தால் பக்கத்துப் பெண்ணைத் திருத்தச் சொல்கிறாள். நாலு மாசம் நாம் மல்லாடியும் படியாத ஆங்கில எழுத்து அவளுக்கு இதில் படிந்துவிட்டது.

பெருமாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பள்ளிச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் பெண்சாதி எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. கேம்பிலேயே வாந்திபேதி கண்டு போய்விட்டாள். குழந்தையிடம் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான். மூன்று வருஷமாக அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறான். துறைமுகத்துக்குப் போனதற்காக அவளைத் தென்னை மட்டையால் அடித்திருக்கிறான். சட்டையைப் பிடுங்கித் துவைக்கப் போனபோது அவன் கையைக் கடித்துவிட்டாள். பல் தடத்தைக் காட்டினான்.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். உனக்கு ஸ்டேஷனில் மேளம், இவளுக்கு மட்டையடி.

வாஹித், அவள் வேறு யார் சொல்வதையும் கேட்கமாட்டாள். உன் கையெழுத்தைத் தெரியும் அவளுக்கு. கப்பல் கிடையாது, அது விளையாட்டு என்று நீயே எழுது. ஸுஃப்ராவில் ரிஜெக்ட் என்று கூப்பிட்ட பிறகு உன் அப்பா உனக்கு இன்னொரு ரொட்டி போட்டார். அவளுக்கு யார் போடுவார்?

ராஜவேலு


ஆம்பூர்
6 ஆகஸ்ட் 1930

ராஜவேலு,

உன் கடிதத்தை அப்பா பிரித்துவிட்டார். பேஜாராகிவிட்டது. எழுத்து மூலமாக ஒன்றும் கொடுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தை நடத்துவது எங்கள் தோல் வியாபாரிகள் சங்கம். நாளைக்குப் பெண் கடலில் கிடலில் விழுந்தால் என் கையெழுத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாணியம்பாடிக்காரர்கள் காதுக்குப் போனால் நிக்காஹ் என்னாகும்? உனக்கு இழக்க ஒன்றும் இல்லை, அதனால் நியாயம் பேச வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என் கடிதம் எதற்கு? அம்மா செத்துவிட்டாள் என்று அப்பன் சொல்லட்டும். அவனுக்கு வாய் வரவில்லையென்றால் நீ சொல்லு. நீதான் உண்மையைத் தவிர வேறு பேசாதவனாயிற்றே. தோலிலிருந்து சதை எடுக்கும்போது கத்தியைத் தயங்கித் தயங்கி இழுத்தால் தோல்தான் கிழியும். ஒரே இழுப்பு, சரக்கென்று. அழுவாள், ஓய்வாள். ஆனால் நீ சொல்லமாட்டாய். ஏன் தெரியுமா? உனக்குக் கண்ணைத் துடைக்க ஒரு பிள்ளை வேண்டும். அவள் சிரித்து விளையாடப் போய்விட்டால் பினாங்கில் உனக்கு என்ன வேலை? நான் பதக்கம் வாங்கத் தொண்டு செய்தேன் என்றால் நீ உன்னையே பார்த்து உருகத் தொண்டு செய்கிறாய். என் பதக்கமாவது வெள்ளி.

அந்த எழுத்துக்கு 'ஆர்' என்று பேர் சொல்லிக் கொடுத்தது யார்? கரும்பலகையில் "ஆர், ஆர்" என்று கத்த வைத்தாயே. நான் அவள் தோளில் எழுதியபோது முதல் ஆளாகச் சிரித்தது யார் என்பதையும் உன் அடுத்த உபதேசத்தில் சேர்த்துக்கொள்.

வாஹித்


பினாங்கு
2 செப்டம்பர் 1930

வாஹித் பாஷாவுக்கு,

சிரித்தேன். ஆமாம். நீ சிரிக்கவைப்பதில் கெட்டிக்காரன், அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கிடையாது.

சொல்லவும் முயன்றேன். அவளை உட்காரவைத்து "உங்கம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து, "அம்மா கடுதாசி போட்டுச்சா சார்?" என்று கேட்டாள். பாடத்தை எடு என்று பேச்சை மாற்றிவிட்டேன். இதை நீ கோழைத்தனம் என்று எழுதுவாய். எழுதிக்கொள்.

அவளுக்குச் சட்டை தோளில் இற்றுவிட்டது. பெருமாள் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தான், உள்ளே அதைப் போட்டு மேலே பழசைப் போட்டுக்கொள்கிறாள். மற்ற பிள்ளைகள் இப்போது அவள் பெயரைச் சொல்வதில்லை. "ஏ ரிஜெக்ட்" என்றால் "ஓ" என்று ஓடுகிறாள். நான் பிரம்பெடுத்தும் நிற்கவில்லை.

கெஞ்சினேன், நீ சிரித்தாய். இனிக் கெஞ்சமாட்டேன். நம் கல்லூரி முதல்வருக்கு நடந்தது முழுவதையும் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உன் ஜுரம் எத்தனை டிகிரி என்பதையும் எழுதினேன். மேடையில் உனக்குப் பதக்கம் குத்தப் போகும் இடத்தில் ஒரு சாக்பீஸ் எழுத்துப் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்றும் எழுதினேன். சங்கத்தின் பள்ளியில் பிள்ளைகளைத் தோல் மாதிரிப் பிரிக்கிறார்கள் என்பது சென்னைப் பத்திரிகைகளுக்கும் போகும். அதற்கு முன் ஒரு தபாலுக்கு நேரம் இருக்கிறது. நாலு வரி. யோசித்துக்கொள்.

ராஜவேலு


ஆம்பூர்
3 அக்டோபர் 1930

ராஜவேலு,

சபாஷ். பதக்கம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல்வர் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாராம். வாணியம்பாடியிலிருந்து ஆள் வந்து "இன்னா விஷயம் பாய், இன்னாமோ கேள்விப்பட்டோம்" என்று இழுத்தான். அப்பா என்னை அடித்தார். இருபத்திரண்டு வயசில் அடி வாங்கினேன், கிடங்கு ஆட்களுக்கு முன்னால். உனக்குத் திருப்தியா?

இனி நீ கேட்டுக்கொள்.

தோல் விலை விழுந்து கிடக்கிறது, செலவைக் கம்மி பண்ண வேண்டும் என்று சங்கம் முடிவு பண்ணியிருக்கிறது. அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். பள்ளிக்கூடம் இந்த மாசத்தோடு மூடப்படுகிறது. நீ தங்கியிருக்கும் அறையும் சங்கத்துடையது, ஞாபகம் வை. பினாங்குக் கிடங்கில் ஆள் குறைக்கச் சொல்லித் தந்தி போயிருக்கிறது. எந்த ஆளை முதலில் என்று அப்பா கேட்டார். எனக்கு அங்கே ஒரே ஒரு பேர்தான் தெரியும். நீ கடிதத்துக்குக் கடிதம் எழுதி மனப்பாடம் பண்ணிக் கொடுத்த பேர். சொன்னேன்.

பெருமாளும் அவன் மகளும் அடுத்த கப்பலில் திரும்புகிறார்கள். அந்தக் குட்டி ரிஜெக்ட் கப்பல் எப்போ என்று கேட்டாளே, வந்துவிட்டது என்று சொல்லு. நான் விளையாட்டுக்குப் போட்ட எழுத்தை நீ நிஜமாக்கிக் கொடுத்தாய்.

அழிக்கச் சொல்லி இனி எழுதாதே.

வாஹித்


பினாங்கு
11 நவம்பர் 1930

வாஹித்,

இதை நீ உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம். ஸ்டேஷனில் மேளம் வைத்தவர்களுக்கும் படித்துக் காட்டலாம். முதல்வருக்கு இன்று இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பொறாமையால் பொய் எழுதினேன், வாஹித் பாஷா மீது குற்றம் இல்லை, அவருக்குரிய மரியாதையைச் செய்யுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்திரிகைக்கு எதுவும் போகாது. நீ ஜெயித்தாய்.

முந்தாநாள் அவர்களைக் கப்பலேற்றினேன். பெருமாளுக்கு ஊரில் காணி நிலம் கிடையாது, வீடும் விழுந்துவிட்டதாம். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. படகில் கால் வைக்கும்போது திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் சண்ட போட எம் பொண்ணு சட்டதான் கெடச்சுதா சார்?" என்று கேட்டான். நல்லதுதான் நினைத்தேன் என்று சொல்ல வந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

பூங்காவனத்துக்குப் பூமியில் கால் பாவவில்லை. காலையிலேயே என்னிடம் வந்து தோளைக் காட்டி நன்றாக எழுதித் தரச் சொன்னாள். கப்பலில் பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். ஆமாம், நானே, என் கையால், அழுத்தி எழுதினேன். வேறு என்ன செய்திருப்பேன்? அவள் படகிலிருந்து கையாட்டி, "அம்மாவாண்ட உங்களப் பத்தி சொல்றேன் சார்" என்று கத்தினாள். பெருமாள் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒடுகத்தூருக்குப் போனதும் சொல்கிறேன் என்றான். சொல்லமாட்டான்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். நான் இதுவரை யார் காலிலும் விழுந்ததில்லை, அதனால் சரியாக விழத் தெரியவில்லை. அவர்களுக்கு வேலை கொடு. உன் டேனரியில் ஆயிரம் பேர் பிழைக்கிறார்கள், இன்னும் இரண்டு வயிறு. அவனுக்கு உன் மேல் ஆத்திரம் கிடையாது, எல்லாம் என் மேல்தான். இன்னொன்று. அவள் காது கேட்க அந்த வார்த்தையைச் சொல்லாதே. அம்மா விஷயத்தைப் பெருமாளே ஒரு நாள் சொல்லிக்கொள்ளட்டும். நீ ஒன்றும் எழுத வேண்டாம், ஒன்றும் அழிக்க வேண்டாம். பேசாமல் மட்டும் இரு.

ராஜவேலு


ஆம்பூர்
5 பிப்ரவரி 1931

தோஸ்த்,

மறுபடி தோஸ்த் என்று எழுதுகிறேன், பார். நான் மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. பள்ளிக்கூடம் மூடியபின் நீ ஏதோ ரொட்டிக் கடையில் படுத்துக் கிடப்பதாகக் கேள்வி. போன மாசம் பதக்கம் கொடுத்தார்கள். உன் இரண்டாவது கடிதத்தை முதல்வர் மேடையிலேயே வாசித்துவிட்டார். உன் அண்ணன் குடியாத்தத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தானாம், பாதியிலேயே எழுந்து போய்விட்டான் என்றார்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நீ கேட்டதைச் செய்தேன். பெருமாளுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. கை வெந்துபோகிற வேலைதான், ஆனால் குறை சொல்வதில்லை. ஒடுகத்தூரில் அந்தப் பெண் வீடு வீடாகப் போய் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஊர்க்காரர்கள் முழித்திருக்கிறார்கள். இவன் தப்பிக்க வழி தெரியாமல், "அம்மா ஆம்பூர்ல தோல் வேலைக்குப் போய்ட்டா" என்று சொல்லி இங்கே இழுத்து வந்துவிட்டான். நல்ல அப்பன்! குழிக்குக் குழி எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். சும்மா திரிவானேன் என்று, தோல் பதனிடுகிற ஆவாரம் பட்டை உரிக்க உட்காரவைத்தேன்.

ஒரு நாள் மேஸ்திரி ஓடிவந்து, "சின்ன மொதலாளி, இந்தப் பொண்ணு இங்லீஷ் எழுத்துப் படிக்குது" என்றான். அப்பாவுக்கே ஆச்சரியம். தோல் பிரிக்கிற கொட்டகைக்கு மாற்றினோம். நாங்கள் எழுத்துப் போட்டுத் தள்ளுகிற தோல்களை இவள் பார்த்துப் பிரித்து அடுக்குவாள். ஒரு பிசகு வந்ததில்லை. நம் பினாங்குத் தொண்டு வீண் என்று இனிச் சொல்லாதே, ஒருத்திக்கு வேலைக்கு ஆகியிருக்கிறது.

அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று எழுதினாய். அந்த வார்த்தை இல்லாமல் டேனரி நடத்திக் காட்டு, பார்க்கலாம். இருந்தாலும் அவள் பக்கத்தில் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.

போன வியாழக்கிழமை. நோன்பு, தொண்டை வறண்டு தலை பிளக்கிறது. காலையிலிருந்து ஆட்டுத் தோல் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. இவள் வந்து எதிரே நின்றாள். அதே நீலச் சட்டை, கந்தல், தோளில் எழுத்து. இங்கே சாக்பீஸுக்குப் பஞ்சமா? என்னை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள்.

"சார், ரிஜெக்ட் எல்லாம் எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள்.

தலை நிமிராமல் சொன்னேன். "வைக்கறதில்ல. நறுக்கி அஸ்தருக்குப் போட்டுடுவோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மூணு வருசத்துக்கு முன்னாடி வந்ததையும்?"

"அதெல்லாம் அப்பவே போயிருக்கும், போ."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மிச்சம் இருந்ததை அடுக்கி முடித்தாள். சாயந்திரம் நோன்பு திறக்க வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். கிணற்றடியில் குந்தி அந்தச் சட்டையைக் கல்லில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நன்றாகக் கசக்கினாள், பிழிந்தாள், உதறினாள். மறுநாள் வெளுத்த சட்டையோடு வேலைக்கு வந்தாள். எழுத்து இல்லை. அதற்கப்புறம் குழிகளை எட்டிப் பார்ப்பதில்லை, யாரோடும் பேசுவதும் இல்லை. கை மட்டும் வேலை செய்கிறது.

பெருமாள் சுண்ணாம்புக் கையோடு வந்து, எம் பொண்ணுகிட்ட இன்னா சொன்னீங்க என்று கேட்டான். தோலைப் பற்றிக் கேட்டாள், தோலைப் பற்றிச் சொன்னேன் என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

போட்டவருதான் அழிக்கணும் என்றாளாமே. ஜூன் மாசத்திலிருந்து நீ கெஞ்சிய காரியம், ஒரு வரிகூட எழுதாமல் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

ரம்ஜான் கழிந்து ஷவ்வால் மாசத்தில் நிக்காஹ். கப்பலுக்கு இடம் கிடைத்தால் வந்து சேர்.

வாஹித் பாஷா